மைனர் தொட்டால் ஒப்பந்தம் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மென்பொருள் அப்டேட் வரும்போது 'சம்மதம்' என்று தொட்டுவிட்டால், பள்ளிப் பிள்ளைகளும் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்களே என்று சென்ற வாரச் சட்டக் கேள்வி-பதிலில் எழுதியிருந்தீர்கள். குழித்துறை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் அஞ்சு சென்ட் நிலத்துக்கு ஆதாரம் (பத்திரம்) எழுதப் போனாலும், மைனர் யாராவது உண்டா என்றுதான் முதலில் கேட்பார்கள். மைனர் பெயரிலேயே உள்ள நிலம் என்றால் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. நிலத்துக்கு இவ்வளவு பார்க்கிற நாம், போனில் நாற்பது பக்க நிபந்தனை வந்தால் மட்டும் வயதை மறந்துவிடுகிறோம்.

1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, மேஜரானவர் செய்வதே ஒப்பந்தம். மேஜராகும் வயது 18. மோகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில், மைனர் எழுதிக் கொடுத்த அடமானம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறும் உத்தரவுகூடக் கடன் கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. பையன் மைனர் என்பது அவர் தரப்பு வக்கீலுக்கு முன்பே தெரியும் என்பது வேறு கதை. 18 முடிந்தபின் 'அன்று சொன்னதை ஏற்கிறேன்' என்று சொல்லியும் அதற்கு உயிர் கொடுக்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஒப்பந்தங்களை ஏற்கிறது, சரி. அதற்காக வயது வரம்பு தளர்ந்துவிடவில்லை.

ஆனால் பெற்றோர் இதைப் படித்து நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. வளைகுடாவில் இருக்கிற அப்பா வாங்கி அனுப்பிய போன் பத்தாம் வகுப்புப் பையன் கையில் இருக்கும். அதிலுள்ள கணக்கு அப்பா பெயரில், வங்கி அட்டை அம்மா பெயரில். இங்கே எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை. நிறுவனத்தின் பதிவில் சம்மதம் சொன்னவர் அப்பாதான். தொட்டது பிள்ளை என்று நிரூபிக்கிற பாடு நம் தலையில் விழும். பிள்ளையே வயதைக் கூட்டிப் பொய் சொல்லியிருந்தாலும் ஒப்பந்தம் செல்லாதுதான். ஆனால் அடைந்த பலனைத் திருப்பிக் கொடுக்கும்படி கோர்ட் சொல்லலாம். இன்னொன்று, ஒப்பந்தம் செல்லாது என்பதால் ஏறிய அப்டேட் தானாக இறங்கிவிடாது, போன தகவலும் திரும்பி வராது.

தகவல் விஷயத்தில் 2023-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. இந்தப் பகுதி நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் வேறு கொடுத்திருக்கிறார்கள். ஏன் இத்தனை தாராளமோ!

அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள். பிள்ளை கையில் உள்ள போனில் யார் பெயரில் கணக்கு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி ஒரு வரியும் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.