குளிரைப் பார்த்துக் கிளம்பு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடுபோல் தங்கிப் போகும் மோட்டார்ஹோம் வண்டியை வாடகைக்கு எடுத்து, டெட்ராய்ட்டிலிருந்து ஃப்ளோரிடா வரை ஓட்டி, நாளுக்கு ஓர் ஊற்று என்று கயாக் துடுப்புப் படகு விட்டுக்கொண்டே போவதாக எழுதியிருக்கிறாய். கூடவே சித்தியும் உன் நாய் மணியும். ரொம்பச் சந்தோஷம். ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தி மிச்சிகன் பனியில் ஜன்னலோரமே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மணிக்கும் மண்ணில் ஓட ஒரு வாய்ப்பு. பதிலை உனக்கு மட்டும் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலரும் இதே பயணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

உன் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது ஒன்றைத்தான். எந்த நாள் எந்த ஊற்று என்று தேதி போட்டு அடுக்கியிருக்கிறாய். டிசம்பர், ஜனவரியில் அங்கே தேதி உதவாது. நாளை எவ்வளவு குளிரும் என்று முந்தின நாள் ராத்திரி பார்த்து, அதை வைத்து முடிவெடு. கடுங்குளிர் அடிக்கும் நாளில் கயாக்கைத் தொடாதே, கடல்பசுக்களைப் பார்க்கப் போ. வெயில் ஏறும் நாளில் மணியைக் கூட்டிக்கொண்டு வேறு ஆற்றில் துடுப்புப் போடு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் செய்ய நினைப்பதுதான் உன் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம்.

காரணத்தைச் சொல்கிறேன். ஃப்ளோரிடாவின் வடக்கும் நடுப்பகுதியும் சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன. மழைநீர் அந்தப் பாறையின் துளைகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகளாக வெளியே வருகிறது. அந்த நீரின் வெப்பம் கோடையானாலும் குளிர்காலமானாலும் பெரும்பாலும் 72 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம ஊர்க் கணக்கில் 22 டிகிரி செல்சியஸ். கோடையில் குதித்தால் உடம்பு சில்லிடும். ஜனவரிக் காலையில் அதே நீரிலிருந்து ஆவி எழும்பும்.

கடல்பசுவுக்கு அந்த 22 டிகிரி உயிர்ப் பிரச்சினை. மேனட்டி என்று அங்கே சொல்கிற அந்த விலங்கு பத்தடி நீளம் வளரும், ஆயிரம் பவுண்டு எடை சாதாரணம். அத்தனை பெரிய உடம்பு இருந்தும் திமிங்கலத்துக்கு இருப்பதுபோல் குளிர் தாங்கும் கொழுப்பு அதற்கு இல்லை. தின்பது புல், உடம்பு சூடு உண்டாக்குவதும் மெதுவாகத்தான். தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (20 டிகிரி செல்சியஸ்) கீழே இறங்கி அப்படியே நீடித்தால் தோல் புண்ணாகி, தீனி எடுப்பது நின்று, செத்தே போகும். அதனால் குளிர் வந்ததும் கடலையும் பெரிய ஆறுகளையும் விட்டு ஊற்றுகளுக்குள் வந்து அடைகின்றன. வெயில் ஏறினால் புல் தேடி வெளியே போகும், குளிர்ந்தால் திரும்பும்.

ஆரஞ்ச் சிட்டி அருகே இருக்கும் ப்ளூ ஸ்பிரிங் பூங்காவில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். செயின்ட் ஜான்ஸ் ஆற்றோடு போய்ச் சேரும் ஒரு சின்ன ஓடைதான் அது. 2024 ஜனவரியில் ஒரு குளிர்நாளில் அந்த ஓடைக்குள் 900க்கும் மேற்பட்ட கடல்பசுக்களை எண்ணினார்கள். கரையோரம் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள், சித்தி சிரமமில்லாமல் நடக்கலாம். கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தால் சாம்பல் நிற முதுகுகள் வரிசையாகக் கிடக்கும், பாசி படிந்து, பல முதுகுகளில் படகின் விசிறி வெட்டிய வெள்ளைத் தழும்புகளோடு. ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தழும்புகளை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மூக்கு மேலே வரும், புஸ்ஸென்று மூச்சு விடும், மூக்குத் துளைகள் மூடி போட்டதுபோல் அடைபடும், திரும்பக் கீழே போய்விடும். தாயின் பக்கத்தில் குட்டி இருந்தால் இரண்டும் சேர்ந்தே மேலே வருவதைப் பார்க்கலாம்.

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை அந்த ஓடையில் நீந்தவோ படகு விடவோ யாருக்கும் அனுமதி இல்லை. கிரிஸ்டல் ரிவரில் இருக்கும் த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றுக்குள்ளும் குளிர்காலத்தில் கயாக் போகக் கூடாது. "அவ்வளவு தூரம் கயாக்கைக் கட்டிக்கொண்டு போய்க் கரையில் நிற்பதா?" என்று போனில் கேட்டாய். நின்றுதான் ஆக வேண்டும் தம்பி, மனசோடு நில். மேலே கயாக் போனால் தூங்கும் விலங்கு விழித்து நகரும். நகர்ந்து நகர்ந்து ஊற்று வாயை விட்டுக் குளிர்ந்த ஆற்றுக்குப் போனால், அந்த ராத்திரியை அது குளிரில்தான் கழிக்க வேண்டும். உனக்கு ஒரு போட்டோ, அதற்கு அப்படி ஒரு ராத்திரி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் மட்டும் ஃப்ளோரிடாவில் சுமார் 1,100 கடல்பசுக்கள் இறந்தன. கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் காயலில் கழிவும் உரமும் கலந்து, நீர் கலங்கி, வெளிச்சம் கீழே இறங்காமல் கடற்புல் அழிந்துபோனது. வெதுவெதுப்பான இடத்தில் தீனி இல்லை, தீனி இருக்கும் இடத்தில் குளிர். பட்டினியில் எலும்பும் தோலுமாகிச் செத்தன. 2021-22 குளிர்காலத்திலும் அதற்கு அடுத்த குளிர்காலத்திலும் அரசு அதிகாரிகளே ஒரு மின்நிலையத்தின் பக்கத்தில் லெட்டூஸ் கீரையைக் கொட்டிக் காப்பாற்றப் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ கேபேஜ் வாங்கிக்கொண்டு போகாதே. பொதுமக்கள் தீனி போடுவது சட்டப்படி குற்றம், மனிதர்களையும் படகுகளையும் தேடி வரப் பழகிய கடல்பசு அடிபட்டுத்தான் சாகும்.

சித்தி மல்லிப்பட்டினத்தில் வளர்ந்தவர் அல்லவா? நம்ம ஊர்க் கடல்பசுவான ஆவுளியாவின் உறவு என்று அவரிடம் சொல், உனக்கு முன்னால் அவரே கதை சொல்லத் தொடங்கிவிடுவார். நம்ம பாக் விரிகுடாவில் இருப்பதும் கடல்பசுதான், ஆனால் அதன் வால் ஓங்கிலின் வால்போல் பிளந்திருக்கும், ஃப்ளோரிடாவில் இருப்பதற்குத் தட்டையான வட்ட வால். நம்மளுது கடலை விட்டு ஆற்றுக்குள் வராது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது, இந்தியாவிலேயே முதலாவது. சித்தி ஊர்க் கடலும் அந்தப் பக்கம்தான். ப்ளூ ஸ்பிரிங்கில் நிற்கும்போது சித்தியிடம் இதை நீயே சொல்.

குளிர்நாளில் அங்கே கூட்டம் அலைமோதும். வண்டி நிறுத்துமிடம் நிறைந்தால் வாசலை மூடிவிடுவார்கள், அதனால் எட்டு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நில். மணியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வண்டியில் இருங்கள், முறை வைத்துப் போய்ப் பாருங்கள். நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம். நாயைத் தனியாக வண்டியில் பூட்டிவிட்டுப் போகவே போகாதே. ஃப்ளோரிடா வெயில் டிசம்பரிலும் ஏறும், கரண்ட் போனால் ஏசியும் போச்சு.

சரி, இப்போது வெயில் நாள்.

மணியோடு துடுப்புப் போட நான் சொல்வது சாண்டா ஃபே ஆறு. ஹை ஸ்பிரிங்ஸ் ஊரருகே நெடுஞ்சாலை 27 பாலத்தடியில் படகை இறக்கி, போ ஸ்பிரிங்ஸ் வழியாக ரம் ஐலண்ட் வரை ஆற்றின் போக்கிலேயே இறங்கலாம். ஆற்று நீர் கறுப்பு டீ மாதிரி இருக்கும், சதுப்புக் காட்டு இலைகளின் சாறு இறங்கிய நிறம் அது. ஊற்று வந்து கலக்கும் இடத்தில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு, இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் கண்ணாடி நீலம், கயாக்கின் மூக்கு நீலத்திலும் வால் பழுப்பிலும் நிற்கும். விழுந்த மரங்களில் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெயில் காயும். மணி குரைத்தால் தொப் தொப்பென்று எல்லாம் தண்ணீருக்குள் விழும், அதற்காகவாவது அவனைக் குரைக்காமல் பழக்கு.

தங்குவதற்குப் பக்கத்திலேயே ஓலீனோ பூங்கா. அதே சாண்டா ஃபே ஆறு அங்கே ஒரு குளம்போல் சுழன்று பூமிக்குள் இறங்கி, மூன்று மைல் தள்ளி மறுபடி மேலே வருகிறது. கொஞ்ச நேரம் நின்று பார், இலையும் சுள்ளியும் மெதுவாகச் சுற்றுவது தெரியும்.

முதலை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அலிகேட்டர் இல்லாத ஆறே ஃப்ளோரிடாவில் இல்லை என்று வைத்துக்கொள். குளிரில் அது மந்தமாக இருக்கும், தீனியும் குறையும், ஆனால் 22 டிகிரி ஊற்று நீருக்குப் பக்கத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. மணி அளவுள்ள நாய் அதன் கண்ணுக்கு இரைதான். தண்ணீர் விளிம்பில் மணியைக் குடிக்க விடாதே, பந்தை ஆற்றில் எறிந்து எடுத்துவரச் சொல்லாதே, அந்தி சாய்ந்த பிறகு கரைப்பக்கம் நடக்காதே. மாநிலப் பூங்காக்களில் நாயின் கயிறு ஆறடிக்கு மேல் போகக் கூடாது, குளிக்கும் இடங்களில் நாய்க்கு இடமில்லை. சில ஆறுகளில் படகிலும் நாயை ஏற்றவிட மாட்டார்கள், இறங்குவதற்கு முன் கேட்டுக்கொள்.

படகில் ஏறிய பிறகு மணியின் கயிற்றைக் கயாக்கில் கட்டாதே. கவிழ்ந்தால் அவன் அதோடு மாட்டிக்கொள்வான். முதுகில் கைப்பிடி உள்ள லைஃப் ஜாக்கெட் போடு, விழுந்தால் ஒரே இழுப்பில் தூக்கிவிடலாம். காற்றடைத்த கயாக் என்பதால் நகம் கீறாமல் பழைய யோகா பாயை உள்ளே விரி. கிளம்புவதற்கு முன் வீட்டுக் கூடத்திலேயே கயாக்கை விரித்து ஏற, உட்கார, இறங்கப் பழக்கு. உன் முழங்கால்களுக்கு நடுவே உட்காரக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. டெட்ராய்ட்டிலிருந்து ஐ-75 ஒரே சாலை, ஃப்ளோரிடா எல்லை வரை ஏறக்குறைய ஆயிரம் மைல். கென்டக்கி முடிந்து டென்னசி தொடங்கும் ஜெலிகோ மலையிறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கு. குளிர்காலத்தில் வண்டியின் குழாய்களில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமலிருக்க இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை ஊற்றிவைத்திருப்பார்கள், ஜார்ஜியா தாண்டும் வரை அதை அலசாதே, தண்ணீர் டாங்கையும் நிரப்பாதே. அதுவரை குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். வட ஃப்ளோரிடாவிலும் சில ராத்திரி உறைபனி விழும், அன்றைக்கு வெளிக் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுத் தூங்கு.

இடம் பிடிப்பதுதான் பெரிய பாடு. மாநிலப் பூங்காக்களில் ஃப்ளோரிடாவாசிகள் 11 மாதம் முன்பும் வெளியூர்க்காரர்கள் 10 மாதம் முன்பும் பதிவு செய்யலாம், நல்ல இடங்கள் அப்போதே போய்விடும். ஆனால் ரத்தாகும் இடங்கள் தினமும் திரும்ப வரும். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டே இரு. இரண்டே இடங்களில் தங்கு, ஓலீனோ பக்கம் பாதி நாள், ப்ளூ ஸ்பிரிங் பக்கம் பாதி நாள். பூங்காவுக்குள் கிடைக்காவிட்டால் பக்கத்தில் தனியார் முகாம்கள் உண்டு. உன் திட்டத்திலுள்ள மற்ற ஊற்றுகள் எங்கேயும் ஓடிவிடாது.

அப்புறம், மணியின் மார்புச் சுற்றளவை டேப்பால் அளந்து அனுப்பு. எங்கள் ஜிம்மியின் லைஃப் ஜாக்கெட் பொருந்தினால் புதிதாக வாங்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தியோடு சாப்பாட்டுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
அண்ணன்