இரண்டில் ஒன்றும் மூன்றில் ஒன்றும்

ஈரோடு,
11-1-2026

அன்பு நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கைபேசி பையில் இருக்கும்போதே தாளில் எழுதி, உறையில் போட்டு, அஞ்சல்தலை ஒட்டி அனுப்புகிற ஆள் எனக்குத் தெரிந்து இன்று நீ ஒருவன்தான். அதனால் நானும் பேனாவைத் தேடி எடுத்தேன். தங்கச்சிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து இங்கே எல்லோருக்கும் நிம்மதி. என் முழங்கால் வலி மார்கழியில் சற்றுக் கூடியிருக்கிறது. தை பிறந்தால் குறையும் என்று மருத்துவரை விட என் மனைவிதான் உறுதியாகச் சொல்கிறாள்.

ஓய்வு பெற்று மூன்றரை ஆண்டு ஆன பிறகும் பழைய மாணவர்களோடு போனில் என்னதான் செய்கிறாய், அதில் கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா, முடியுமென்றால் எனக்கும் அந்த வித்தையைச் சொல் என்று கேட்டிருந்தாய். பாடம் நடத்துவது என்றால், முடியாது. முயன்று பார்த்துத் தோற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன். கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்த 2020 ஜூனில் ஏழாம் வகுப்புக்கு வந்த 31 பிள்ளைகளில் 14 பேர் வீட்டில்தான் இணையத்தோடு கூடிய கைபேசி இருந்தது. அந்தப் பதினான்கும் அப்பாவோடு மஞ்சள் மண்டிக்கோ தறிப்பட்டறைக்கோ காலையில் கிளம்பிப்போய் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். மற்ற 17 பேருக்கு வாரம் ஒருமுறை டிவிஎஸ் 50இல் போய்க் கணக்குத் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே தொடங்கப்பட்டிருந்தது நல்லதாயிற்று. பாடம் ஓரளவு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் பார்க்கிற பிள்ளை விளங்காமல் விழித்தால், நிறுத்திவிட்டு மறுபடி சொல்ல அதற்கு வழியில்லையே.

அந்தக் குறையை நான் நிரப்புவதாக நினைத்துக்கொண்டு, வாட்ஸ்அப் குழுவில் ஏழு நிமிடம், எட்டு நிமிடம் என்று பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். பிள்ளைகளும் பணிவாகக் கட்டைவிரல் படத்தை அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அந்தச் செயலியில் குரலை வேகமாக ஓட்டிக் கேட்கும் வசதி வந்தது. "சார், உங்க வாய்ஸை நான் ரெண்டு ஸ்பீடுல வெச்சுத்தான் கேப்பேன், அப்பத்தான் தூக்கம் வராது" என்று ஒரு பையன் வெள்ளை மனதோடு சொன்னபோதுதான் என் பாடங்களின் உண்மை நிலை எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எதைப் பேசினாலும் நாற்பது விநாடிக்குள் முடித்துவிடுகிறேன்.

ஆனால் அதற்கும் முன்பு, 2020 செப்டம்பரில், நான் செய்த ஒரு காரியத்தை உனக்கு இதுவரை சொன்னதில்லை. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் நோட்டில் அழகான கையெழுத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டுகிற பழைய தவறுதான். முப்பது ஆண்டுகளாக நீயும் நானும் பார்த்துச் சலித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் படத்தின் மேல் விரலால் சிவப்புக் கோடு ஒன்றை நீளமாக இழுத்து, "நேற்றுத்தானே சொன்னேன்? கவனம் எங்கே?" என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி அதே குழுவில் திருப்பிப் போட்டேன். போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

பதினோரு நாள் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு அவளுடைய அம்மாவை அழைத்துக் கேட்டால், "போனையே தொட மாட்டேங்குதுங்க சார். அந்தப் படம் இன்னும் அதுலயே இருக்குதுன்னு சொல்லுதுங்க" என்றார். எடுத்துப் பார்த்தேன், இருந்தது. நீக்குவதற்கான நேரமும் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. வகுப்பில் நாம் எத்தனை பிள்ளைகளைக் கடிந்திருப்போம்! மணி அடித்ததும் கரும்பலகை துடைக்கப்படும், பிள்ளை வெளியே ஓடும், மறுநாள் நாமே கூப்பிட்டுச் சாக்பீஸ் எடுத்துவரச் சொல்வோம், அதோடு தீர்ந்தது. இங்கே அந்தச் சிவப்புக் கோடு, பதினான்கு வீட்டுக் கைபேசிகளில் இழுத்தபடியே கிடந்தது. அப்பா பார்த்திருப்பார், அண்ணன் பார்த்துச் சிரித்திருப்பான். அவள் அதை ஒவ்வோர் இரவும் திறந்து பார்த்திருக்கிறாள்.

அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசினேன். திட்டியதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, அந்த விடை எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: "ரெண்டு மார்க் கேள்வியில ஒண்ணு வாங்கினேன், மூணு மார்க் கேள்வியில ஒண்ணு வாங்கினேன். மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானுங்களே சார்?"

நண்பா, எனக்கு வாயடைத்துப்போயிற்று. அவள் சொன்னதில் என்ன தவறு? மதிப்பெண் போடுகிற நாம் தினமும் அப்படித்தானே கூட்டுகிறோம்! அவளுடைய கணக்கு சரி. அது நான் கேட்ட கணக்கு இல்லை, அவ்வளவுதான். ஒரே தேங்காயின் பாதியும் அதே தேங்காயின் மூன்றில் ஒரு பங்கும் என்பது வேறு. இரண்டில் ஒன்றும் மூன்றில் ஒன்றும் வாங்கியது வேறு. "கண்ணு, அரைமூடித் தேங்காயோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரைமூடியை விடக் குறையுமா?" என்று கேட்டேன். ஐந்தில் இரண்டு அரையை விடச் சிறியது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சிரித்துவிட்டாள். அன்றிரவே குழுவில் எழுதினேன்: "அன்று நான் கோடு போட்ட விடை, வேறொரு கேள்விக்குச் சரியான விடை. கோடு போட்டது என் அவசரம். அந்தக் கேள்வி எது என்று கண்டுபிடியுங்கள்." ஒன்பது பேர் பதில் அனுப்பினார்கள். ஒருவன் இரண்டு பந்தில் ஒரு சிக்ஸர், மூன்று பந்தில் ஒரு சிக்ஸர் என்று எழுதியிருந்தான். எட்டு நிமிடக் குரல் பாடங்களுக்கு வராத கூட்டம் அன்று வந்தது.

அதன்பிறகு நான் பாடத்தை மெல்ல மெல்ல விட்டேன். பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கினேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஆளுக்கு ஒரு பக்கம். கணக்கில் எங்கே தடுக்கிறது என்பதோடு, வீட்டில் ஆடு குட்டி போட்டது, அக்காவுக்குக் கல்யாணம், தாத்தா காலமானது எல்லாம் அதில் இருக்கும். பேசும்போது முதலில் ஆட்டுக்குட்டியைக் கேட்பேன், பிறகுதான் பின்னம். கட்டைவிரல் படம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். "சார் பாத்தாரா, சும்மா போட்டாரான்னு கேட்டுட்டே இருக்கானுங்க" என்று ஒரு தாய் சொன்ன பிறகு வந்த புத்தி. இப்போதெல்லாம், "மூன்றாவது வரியில் குறியை மாற்றினாயே, அந்த இடம் நன்றாக இருக்கிறது" என்பது போல ஒரே ஒரு வரியாவது எழுதுகிறேன். பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள் என்று நீ வருந்தியிருந்தாய். எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது, ஆனால் கணக்குக்கு எந்த எழுத்தில் தட்டினாலும் ஆபத்துதான்: பின்னத்தைக் கைபேசியில் தட்டினால் எது மேலே, எது கீழே என்பதே குழம்பிவிடுகிறது. ஆகவே பேனாவால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு என்பது எங்கள் குழுவின் சட்டம். அந்தச் சாக்கில் தமிழும் தமிழ் எழுத்தில் வந்துவிடுகிறது.

நீ தொடங்குவதாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு விஷயங்களைக் கறாராக வைத்துக்கொள். பிள்ளையோடு தனியாக எந்தச் செய்தியும் வேண்டாம். எல்லாம் பெற்றோரும் இருக்கிற குழுவில்தான். தனியாகப் பேசவேண்டி வந்தால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும். இரவு ஒன்பதுக்கு மேல் நானும் எழுதுவதில்லை, அவர்களையும் எழுதவிடுவதில்லை. 2021இல் இணைய வகுப்புகளில் நடந்த அத்துமீறல்கள் வெளிவந்து அரசே வழிமுறைகள் வகுக்கவேண்டி வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நம் வயதையும் நரையையும் நம்பிக்கொண்டு, எனக்கெதற்கு இதெல்லாம் என்று நினைத்துவிடாதே. கண்டிப்பு நமக்கும் சேர்த்துத்தான்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாக விடை தருகிற செயலிகள் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. பத்தாம் வகுப்புப் பையன், நம் பாடநூலில் இல்லாத முறையில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதி அனுப்பினால் எனக்குத் தெரியாதா என்ன? பிடித்துக் கேட்டால் அடுத்த முறை இரண்டு அடித்தலைச் சேர்த்து அனுப்புவான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கணக்கில் காட்டினால் தேவலை. நான் கேட்பதை மாற்றிக்கொண்டேன். "தப்பாகப் போட்ட முதல் தாளை அனுப்பு, சரியான விடை எனக்கு வேண்டாம்" என்கிறேன். தப்பான தாளைச் செயலி தருவதில்லையே!

எல்லோரும் தங்கிவிட்டார்கள் என்று நினைக்காதே. சிலர் எண்ணை மாற்றிக்கொண்டு போனதோடு சரி. இரண்டு பிள்ளைகளுக்கு எழுதி எழுதிப் பார்த்தேன்; பதிலே இல்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தவறிய ஒருவன் யாரிடமும் சொல்லாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அறிவுரை சொன்னால் எடுக்கமாட்டான் என்று தெரிந்து, மாதம் ஒரு புதிர்க்கணக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம், ஓடுகிற பேருந்தில் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிய விடை வந்தது. அதன் பிறகுதான் துணைத்தேர்வு என்ற பேச்சையே எடுத்தேன். எழுதித் தேறிவிட்டான், இப்போது ஐடிஐயில் ஃபிட்டர்.

அந்தப் பின்னக்காரப் பெண் எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறி, ஒன்பதாம் வகுப்பு முதல் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வாங்குகிறாள். வருகிற மார்ச்சில் பிளஸ் டூ எழுதுகிறாள், கணிதமே படிக்கப்போகிறாளாம். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருப்பதும் அவள்தான்; எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

கணித மேதை ராமானுஜன் பிறந்த ஊர் எங்களுடையது என்று நானும், வளர்ந்த ஊர் எங்களுடையது என்று நீயும் பி.எட். விடுதியில் மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? அவருடைய பிறந்தநாளான டிசம்பர் 22 அன்று குழுவில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. 1913 ஜனவரி 16ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்தில் ஆண்டுக்கு இருபது பவுண்டு சம்பளத்தில் இருந்த எழுத்தர், முன்பின் அறியாத கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிள்ளைகளுக்கு நான் சொன்னது அதற்கு அடுத்த கடிதத்தைப் பற்றி. பிப்ரவரி 8ஆம் தேதியிட்ட ஹார்டியின் பதிலில் நிரூபணங்களை அனுப்பு என்ற கண்டிப்பும் இருந்தது. அதற்கு மறுமொழியாக ராமானுஜன், தம் உழைப்பைப் பரிவோடு பார்க்கிற ஒரு நண்பரைக் கண்டுகொண்டதாக எழுதினார். அதே கடிதத்தில், தாம் அரைப்பட்டினியாக இருப்பதையும், பரிவான ஒரு கடிதம் வந்தால் உதவித்தொகை பெற அது துணையாகும் என்பதையும் மறைக்காமல் எழுதினார். அந்த மே மாதமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. இதைக் கேட்டுவிட்டு நம் பெண், "அவருக்கும் ஸ்காலர்ஷிப்தானா சார்?" என்றாள். நிரூபணம் கேட்டால் ஏன் கோபம் வரவில்லை என்று ஐடிஐ பையன் கேட்டான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. என் பழைய சிவப்புக் கோடு நினைவுக்கு வந்துவிட்டது.

ஆகவே உனக்கு முதல் வேலை ஒன்று தருகிறேன். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பொங்கல் கழிந்து ஒரு மாலையில் நடந்துபோய்த் திண்ணையையும் வாசலையும் படம் எடுத்து அனுப்பு. கூடவே, அந்த வீட்டைப் பற்றி உன் குரலில் கொஞ்சம் பேசி அனுப்பு. கும்பகோணத்து ஐயா பேசுவார் என்று குழுவில் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டேன். நாற்பது விநாடிக்கு மேல் போகாதே. போனால் ரெண்டு ஸ்பீடுதான்.

தங்கச்சிக்கு என் அன்பு. கண்ணில் சொட்டு மருந்து விடுவதை மறந்துவிடாதீர்கள்.

உன் பழைய அறைத்தோழன்