அந்த ஆல்பத்தைப் போடுங்கள்: இசைக் கம்பெனியாருக்குப் பாம்பனிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய இசைக் கம்பெனியாருக்கு,

வணக்கம். பாம்பனில் மைக்செட் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பெண்ணைப் பாட வைத்து நீங்கள் வெளியிட்ட பாட்டு இங்கே எல்லாக் கல்யாண வீட்டிலும் ஓடுகிறது. நானே போடுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்து, மெட்டு யாருடையது என்ற இடத்தில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

அவளுக்குப் பாட்டுக் கட்டக் கற்றுக்கொடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் இருவரையும் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துப் போனவர்கள்தானே. விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிக் கடலில் முங்கி மரிக்கொழுந்து என்கிற கடற்பாசி எடுக்கிறவர்கள். தீவுக்குப் போகிற வல்லத்தில் மூத்தவர் ஓர் அடி போடுவார். அடுத்த அடியை இந்தப் பிள்ளை கட்ட வேண்டும். நீளமாகக் கட்டினால், "மூச்சு முட்டுதுடி, வெட்டு" என்பார் இளையவர். இன்று எல்லாரும் புகழ்கிற அவளுடைய குட்டிக் குட்டி வரிகள் அங்கே வெட்டுப்பட்டு வந்தவை.

நீங்கள் எடுத்த எட்டு வரி மூத்தவருடையது. மகன் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் கிடந்தபோது, அவன் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு அவர் கட்டிய தாலாட்டு. அந்தப் பிள்ளைதான் இப்போது போனில் பாட்டைப் போட்டுக் காட்டினான். "எம் பேரு எங்கடா இருக்கு?" என்று கேட்டார். அவன் திரையைத் தள்ளித் தள்ளிக் கடைசி வரை போனான். ட்ரோன் ஓட்டியவர் பெயர் இருந்தது. சாப்பாடு கொடுத்தவர் பெயரும் இருந்தது. "நெட்டு சரியில்ல அப்பத்தா" என்று சொல்லி போனை அணைத்துவிட்டான்.

நாட்டுப்புறப் பாடல் என்றால் யாருக்கும் ராயல்டி தர வேண்டாம், வசதிதான். 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டி உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலே செல்லாது. இவர்கள் எழுதிக்கூடக் கொடுக்கவில்லை.

எனவே பெயரைப் போடுங்கள். கையோடு மூவரையும் சேர்த்து முழு ஆல்பம் ஒன்று போடுங்கள். என் மனசுக்குள் அது எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது. முதலில் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு, கைத்தட்டு மட்டும் போதும். அடுத்து, காய்ந்த பாசியை ஈரம் என்று சொல்லி எடை கழிக்கிற வியாபாரியைக் கிண்டல் செய்து இளையவர் கட்டியது. அவளுடைய துடுக்குக் குரலுக்கு அதைவிட நல்ல பாட்டு கிடைக்காது. தாலாட்டு முழுசாக வர வேண்டும், எட்டே வரியாக அல்ல. அதில் மூத்தவர் முன்னே பாடட்டும், அவள் பின்பாட்டு.

அப்புறம், எங்கள் கடல் என்றாலே எல்லாருக்கும் பாலமும் தனுஷ்கோடி மணலும்தான். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம், கேமரா மயம். பாசிக்குப் போகிறவளைத் தீவுப் பக்கம் வராதே என்று விரட்ட ஆள் உண்டு. பாசிக்காரி பாட்டை மட்டும் யார் வேண்டுமானாலும் அள்ளிப் போகலாம். சரி, அதற்கெல்லாம் உங்களைக் கேட்டு என்ன செய்ய?

கேட்பது இதுதான்: பெயரைப் போடுங்கள், ஆல்பத்தைப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எஞ்சின் சத்தம் இருக்காது. அப்போது வந்து பதிவு செய்தால் நல்லது. மைக்செட் வாடகை வேண்டாம். தயவுசெய்து ஒப்பந்தத்தை மட்டும் முன்கூட்டியே தமிழில் அனுப்பிவையுங்கள். இருவருக்கும் வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
பாம்பன் மைக்செட்காரன்