யாஸ் மரினாவுக்கு முந்தைய வாரம்

2025 டிசம்பர் 2

அன்புள்ள மகனுக்கு,

ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் கத்தாருக்குப் பிறகான ஓட்டுநர் புள்ளிகளை நீயும் பார்த்திருப்பாய். நாரிஸ் 408, வெர்ஸ்டப்பன் 396, பியாஸ்ட்ரி 392. மூவருக்கும் இந்த ஆண்டு ஆளுக்கு 7 வெற்றிகள். 24 பந்தயங்களில் 23 முடிந்தும் பட்டம் யாருக்கு என்று சொல்ல முடியவில்லை. வரும் ஞாயிறு, டிசம்பர் 7 அன்று, அபுதாபியின் யாஸ் மரினாவில் ஓடப்போகும் 58 சுற்றுகள்தான் அதைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இப்படி ஒரு வாரம் வந்தால் நமக்குள் தொலைபேசி ஓயாது. இம்முறை அது ஒலிக்கவே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கத்தாரைப் பற்றி உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரே டயரில் 25 சுற்றுகளுக்கு மேல் ஓடக் கூடாது என்று அங்கே விதி வைத்திருந்தார்கள். பந்தயமோ 57 சுற்று. ஏழாவது சுற்றில், எல்லோரையும் மெதுவாகப் போகவைக்கும் சேஃப்டி கார் வந்ததும், ஏறக்குறைய எல்லோரும் தடத்தோரப் பணிமனையான பிட்டுக்குள் போய் டயரை மாற்றிக்கொண்டபோது, நாரிஸ், பியாஸ்ட்ரி இருவரின் அணியான மெக்லாரன் மட்டும் ஏன் தன் இரு கார்களையும் வெளியே விட்டது? முதலிடத்திலிருந்து புறப்பட்ட பியாஸ்ட்ரி, தன் மேல் எந்தக் குறையும் இல்லாமலேயே, வெர்ஸ்டப்பனிடம் வெற்றியைக் கொடுக்க நேர்ந்தது. நாரிஸ் ஐந்தாம் இடத்தில்தான் முடிப்பார் என்று நான் எழுதியே வைத்துவிட்டேன். கடைசிக்கு முந்தைய சுற்றில் நாரிஸுக்கு முன்னால் போன அன்டோனெல்லி தடத்தை விட்டு விலகியதால் நான்காம் இடமும் கூடுதலாக 2 புள்ளிகளும் அவருக்குக் கிடைத்தன.

அந்த 2 புள்ளிகளை எளிதாக எண்ணாதே. அவை இல்லையென்றால் நாரிஸ் 406இல் நின்றிருப்பார். அபுதாபியில் வெர்ஸ்டப்பன் வென்று 25 புள்ளி எடுத்து, நாரிஸ் மூன்றாவதாக வந்து 15 எடுத்தால், இருவரும் 421 என்று சமமாகி, எட்டாவது வெற்றியின் பலத்தில் பட்டம் வெர்ஸ்டப்பனுக்குப் போயிருக்கும். இப்போது மூன்றாம் இடம் வந்தாலே போதும், 423 ஆகிவிடும், வேறு யார் வென்றாலும் கவலை இல்லை. ஆனால் வெர்ஸ்டப்பன் வெல்லும் நாளில் நாரிஸ் நான்காவதாக வந்தால் 420க்கு 421 என்று ஒரே புள்ளியில் கைநழுவும். பியாஸ்ட்ரிக்கு வழி இன்னும் குறுகலானது: அவர் வென்றாலும் நாரிஸ் ஆறாம் இடத்திலோ அதற்குக் கீழோ வந்தாக வேண்டும்; இரண்டாவதாக வந்தால் அதைவிடக் கடினம்.

இப்படி இடம்வாரியாகக் கட்டம் போட்டுப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. 2010இன் கடைசிப் பந்தயத்தில் ஃபெராரி அணி தன் ஓட்டுநர் அலோன்சோவை அவ்வளவு சீக்கிரம் பிட்டுக்கு அழைத்தபோது, வர்ணனையாளர் வாய் திறப்பதற்கு முன்பே, “தப்பான ஆளைப் பார்த்து ஓட்டுகிறார்கள் அம்மா” என்று நீ சொன்னதை இன்றும் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன். அந்த வயதில் அவ்வளவு தெளிவு இருந்த பிள்ளை, இப்போது ஒரு பந்தயம் முடிந்தால் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது எனக்கு ஏற்கவில்லை. பேச்சு பந்தயத்தைப் பற்றியதாக மட்டும் இருந்தாலும் போதும். பேசு.

உன் தங்கை அழைத்திருந்தாள். அவள் பியாஸ்ட்ரி பக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சவூதி அரேபியா தொடங்கி மெக்சிகோ வரை புள்ளிப் பட்டியலின் தலையில் இருந்தவர் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டதில் அவளுக்கு ஏகப்பட்ட வருத்தம். ஆனாலும் நாரிஸுக்குக் கிடைத்த அந்த 2 புள்ளிகளைப் பற்றி முதலில் எடுத்துச் சொன்னவள் அவள்தான். யாருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி என்று தெரிந்தேதான் சொன்னாள் என்று எனக்குத் தோன்றியது.

இந்த வாரம் முழுவதும் என் மனம் 2007க்கே திரும்பத் திரும்பப் போகிறது. அப்போதும் மெக்லாரன், அப்போதும் ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர், அப்போதும் வெளியிலிருந்து ஒரு மூன்றாம் ஆள். அலோன்சோ இருமுறை பட்டம் வென்று வந்தவர். ஹாமில்டனுக்கு அதுவே முதல் ஆண்டு. ஹங்கேரியில், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்றில், அலோன்சோவுக்கு வழிவிடும்படி அணி சொன்னதை ஹாமில்டன் கேட்கவில்லை. பிறகு அலோன்சோ பிட்டில் டயர் மாற்றி முடித்த பின்னும் நகராமல் நின்று, பின்னால் காத்திருந்த ஹாமில்டனுக்குக் கடைசிச் சுற்று ஓட நேரமில்லாமல் செய்தார். அலோன்சோவைத் தொடக்க வரிசையில் 5 இடங்கள் பின்னுக்குத் தள்ளினார்கள். அந்தப் பந்தயத்தில் அணிக்குரிய புள்ளிகளும் போயின. யார் முதலில் தொடங்கினார்கள், யார் பக்கம் நியாயம் என்று அன்றைக்கு எத்தனையோ பேர் வாதாடினார்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் நான் இன்றும் சொல்வேன். இரு பக்கமும் இருந்த அந்த நியாயத்தால் யாருக்கும் ஒரு புள்ளி கூட வரவில்லை.

கடைசி இரண்டு பந்தயங்கள் மிச்சமிருக்கும்போது அந்த மூன்றாம் ஆளான ஃபெராரியின் ராய்க்கோனன் 17 புள்ளிகள் பின்னால் இருந்தார்; அப்போது ஒரு வெற்றிக்கே 10 புள்ளிதான். சீனாவில் தேய்ந்த டயரோடு பிட்டுக்குத் திரும்பிய ஹாமில்டனின் கார் சரளையில் புதைந்தது. பிரேசிலின் இன்டர்லாகோஸில் முதல் சுற்றிலேயே தடம் விட்டு விலகி, பிறகு கியர் பெட்டியும் சற்று நேரம் கைவிட, அவர் ஏழாவதாகத்தான் வர முடிந்தது. அலோன்சோ மூன்றாவதாக வந்தார். வென்றவர் ராய்க்கோனன். ராய்க்கோனன் 110, ஹாமில்டன் 109, அலோன்சோ 109. அந்த இருவரும் ஆளுக்கு ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்திருந்தால் என்று நான் அன்றே சொன்னேன். அடுத்த ஆண்டு அலோன்சோ அந்த அணியில் இல்லை.

இந்த ஆண்டின் மெக்லாரன் இருவர் அப்படி இல்லை என்பதுதான் என் மனதுக்கு ஆறுதல். ஜூனில் மொன்ட்ரியலில், முடிய மூன்று நான்கு சுற்றுகளே இருக்கையில், நாரிஸ் முன்னால் போன பியாஸ்ட்ரியின் காரில் இடித்துத் தன் பந்தயத்தை இழந்தார். உடனே அது தன் தவறு என்று ரேடியோவில் சொன்னார். பிறகு பியாஸ்ட்ரியை நேரில் பார்த்தும் மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில் மொன்சாவில் நாரிஸின் டயர் மாற்றம் தாமதமாகி பியாஸ்ட்ரி முன்னே வந்தபோது, இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பியாஸ்ட்ரி தனக்கு அது சரியாகப் படவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார், சொல்லிவிட்டுக் கொடுத்தார். மனக்குறையை வாய்விட்டுச் சொல்வதும், சொன்ன பின் அதைத் தூக்கிச் சுமக்காமல் இருப்பதும் இருபத்து நான்கு வயதுப் பையனுக்குக் கைவந்திருக்கிறது. சிங்கப்பூரில் முதல் சுற்றிலேயே இருவர் காரும் உரசின. அதையும் அணிக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

அப்படி இருந்தும் அவர்கள் புள்ளிகளைச் சிந்தத்தான் செய்தார்கள். நெதர்லாந்துப் பந்தயம் முடிந்தபோது வெர்ஸ்டப்பன் பட்டியலின் தலையிலிருந்து 104 புள்ளிகள் தள்ளி இருந்தார். அவரை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அஜர்பைஜானின் பாக்கு நகரில் பியாஸ்ட்ரி முதல் சுற்றில் சுவரில் மோதினார். லாஸ் வேகஸில் காரின் அடிப்பலகை 9 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்ததென்று மெக்லாரனின் இரு கார்களையும் அந்தப் பந்தய முடிவிலிருந்தே நீக்கினார்கள். இன்று இடைவெளி 12.

ஞாயிற்றுக்கிழமை நாரிஸுக்கு இருக்கும் ஆபத்தும், 2010இல் நீ சொன்னாயே, அதே ஆபத்துதான். அன்று அதே யாஸ் மரினாவில் அலோன்சோ 246, வெப்பர் 238, வெட்டல் 231 என்று வந்தார்கள். ஹாமில்டனுக்கும் நூலிழை வாய்ப்பு இருந்தது. வெப்பரை மட்டுமே பார்த்து அலோன்சோவைப் பிட்டுக்கு அழைத்த ஃபெராரி, பெட்ரோவ் என்ற ஓட்டுநரின் பின்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. மிச்சப் பந்தயம் முழுவதும் முந்த முடியாமல் ஏழாவதாக வந்தார். அதுவரை ஒருநாள்கூடப் பட்டியலின் தலையில் இல்லாத வெட்டல் 256க்கு 252 என்று வென்றார். 2007இலும் 2010இலும் மூன்றாம் இடத்திலிருந்து வந்தவரே பட்டத்தை எடுத்துப் போனார் என்பதை உன் தங்கை மறக்கவில்லை. பியாஸ்ட்ரிக்காக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அன்று இழந்த வெப்பர்தான் இன்று பியாஸ்ட்ரியின் மேலாளர். அந்த மாலை வெப்பர் எப்படி இருந்தார் என்று நமக்குத் தெரியும். இளையவருக்கு அவர் என்ன சொல்லிக்கொடுத்திருப்பார் என்று எனக்குக் கேட்க ஆசை.

வெள்ளி, சனி நாட்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் பயிற்சியும் மூன்றாம் பயிற்சியும் வெயிலில் நடப்பவை. தடத்தின் சூடு வேறு. இரண்டாம் பயிற்சியில் நீண்ட ஓட்டங்களின் நேரத்தைப் பார், அதுதான் பந்தய வேளைக்கு நெருக்கமானது. சனிக்கிழமைத் தகுதிச்சுற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதே. 2015 முதல் 2024 வரை அங்கே வென்ற ஒவ்வொருவரும் முதலிடத்திலிருந்து புறப்பட்டவர்களே. வெர்ஸ்டப்பன் முதலிடம் எடுத்துவிட்டால் நம் கணக்கெல்லாம் நாரிஸின் மூன்றாம் இடத்தைச் சுற்றித்தான். வேலை என்று சொல்லாதே. அந்த ஒரு மணி நேரத்துக்கு உன்னை யாரும் தேட மாட்டார்கள். பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்கு. அழைப்பை எடுக்காத நாட்களில் நீ தூங்குவதும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பியாஸ்ட்ரியை நாரிஸுக்கு வழிவிடச் சொல்வார்களா என்ற கேள்வி இந்த வாரம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. பியாஸ்ட்ரிக்கு வாய்ப்பு இருக்கும் வரை சொல்லக் கூடாது என்பது என் கருத்து. அவருக்கு வாய்ப்பு முடிந்துவிட்டால், சொல்லாமலேயே அவர் செய்வார் என்று நான் நம்புகிறேன். இதில் நீ வேறு மாதிரி நினைப்பாய், உன் தங்கை இன்னொரு மாதிரி நினைப்பாள். அதை இருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொல்ல, நான் இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது இனி வேண்டாம்.

பந்தயம் அபுதாபி நேரப்படி மாலை 5 மணிக்கு. அதற்கு அரை மணி முன்பு உங்கள் இருவரையும் ஒரே அழைப்பில் சேர்க்கப் போகிறேன். அவளிடம் சொல்லிவிட்டேன், சரி என்றாள். மற்ற எதையும் அன்று பேச வேண்டியதில்லை, கட்டங்களைச் சரிபார்த்துக்கொள்ள மட்டும் மூவரும் இருந்தால் போதும். நான் போட்டதில் பியாஸ்ட்ரி இரண்டாவதாக வந்தால் என்ன ஆகும் என்ற வரிசை முடியவில்லை. சமநிலைகள் குறுக்கே வருகின்றன. அதை நீ போட்டு வை.

அன்புடன்,
அம்மா