முதுகெலும்பும் ஒரு மரபணுவும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் ஸ்கேன் படமும் வந்து சேர்ந்தன. ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போதும் என்று டாக்டர் சொன்னதில் எனக்கும் நிம்மதி. கேஸ் சிலிண்டரை மாடிக்கு நீயே தூக்கிக்கொண்டு போகும் வீரத்தை இனியாவது விடு.

கோபித்துக்கொள்ளாதே, படத்தில் பிதுங்கிய டிஸ்க்கைவிட அந்த எலும்பு அடுக்குதான் என்னை இழுத்தது. யாரோ அளந்து அடுக்கியது மாதிரி! அப்படி அளப்பது, கருவில் தன் வேலையைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஒரு மரபணு.

முதுகெலும்பு உருவாகுமுன் கருவின் முதுகுப்பக்கம், பின்னால் முதுகெலும்பாகப் போகும் சோமைட் என்ற திசுக்கட்டிகள் ஜோடி ஜோடியாகப் பிரியும். கோழிக்கருவில் 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி, எலியில் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒன்று. இதற்குப் பின்னால் ஒரு கடிகாரம் இருக்க வேண்டும் என்று குக், ஜீமன் என்ற இருவர் 1976-லேயே கணித்தார்கள். கோழிக்கருவில் ஒரு மரபணு அதே 90 நிமிடக் கணக்கில் விளக்கு மாதிரி எரிந்து எரிந்து அணைவதை 1997-ல் பிரான்ஸின் மார்செய் நகரில் இசபெல் பால்மெய்ரிம், ஒலிவியே பூர்கியே குழுவினர் கண்டார்கள்.

எலியில் அந்த வேலையைச் செய்வது ஹெஸ்7 என்ற மரபணு. அது உண்டாக்கும் புரதம் திரும்பி வந்து ஹெஸ்7 மரபணுவையே நிறுத்திவிடுகிறது. புரதமோ அற்பாயுசு, இருபது நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். அது தீர்ந்ததும் மரபணு மறுபடி விழித்துக்கொள்ளும்.

கீசர் குழாயில் வெந்நீர் வரத் தாமதமாகிறதே என்று நாம் திருப்பிக்கொண்டே போவோம், திடீரென்று கொதிநீர் கொட்டும், பதறிக் குறைத்தால் பச்சைத்தண்ணீர். இந்த ஊசலாட்டத்துக்குக் காரணம் இடையில் உள்ள தாமதம். ஹெஸ்7-க்கும் அப்படித்தான். தாமதம் இல்லாவிட்டால் அது பாதி எரிந்தபடி ஒரே நிலையில் நின்றுவிடும்.

அந்தத் தாமதத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? இன்ட்ரான்களிலிருந்து! மரபணுவில் புரதத்துக்கு உதவாத, வெட்டி எறியப்படும் துண்டுகள் என்று நாம் பரீட்சையில் எழுதினோமே, அதேதான். அவற்றை நகலெடுத்து வெட்டி எறியவும் நேரம் பிடிக்கிறது. ஜப்பானின் காகெயாமா குழுவினர் ஹெஸ்7-இல் இருந்த இன்ட்ரான்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். புரதம் மாறவில்லை, ஆனால் ஊசலாட்டம் நின்றது, எலியின் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. மூன்றில் இரண்டை மட்டும் எடுத்தபோது கடிகாரம் வேகமாக ஓடி, கழுத்துப் பக்கம் எலும்புகள் கூடிவிட்டன. ஒன்றுக்கும் உதவாதது என்று எதையும் சட்டென்று தள்ளிவிடக் கூடாது போல.

மனிதரிலும் ஹெஸ்7 கெட்டுப்போனால் முதுகெலும்பும் விலா எலும்பும் கோணலாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பாம்புக்கு முந்நூறுக்கு மேல் எலும்பு வருவதற்கும் அதன் வளர்ச்சியோடு ஒப்பிட்டால் இந்தக் கடிகாரம் வேகமாக ஓடுவதே காரணம் என்கிறார்கள்.

சரி, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள்? நாள் குறித்ததும் முதலில் எனக்கு எழுது, டிக்கெட் போட வேண்டும். பந்தல் வேலையை என்னிடம் விடு. நீ நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தால் போதும்.

அன்புடன்,
ரகு