காமிக்ஸ் போட எங்கே சேர்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்பு இதே பகுதியில் கொடைக்கானல் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பிளஸ் டூ முடித்த மகள் காமிக்ஸ்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, சென்னைக்கு அனுப்பியே ஆக வேண்டுமா, வரைகிற டேப்லெட் வாங்காமல் முடியாதாமே என்றெல்லாம் கேட்டிருந்தார். போன வாரம் வந்த பதில்கள் எல்லாம் "முதலில் ஒரு டிகிரியை முடிக்கட்டும்" ரகம். முடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது, ஆனால் மனிதர் கேட்டது அதை இல்லையே. நான் கோத்தகிரியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு கோடு கூட ஒழுங்காக வராது, ஆனால் சொந்தக் காசில் காமிக்ஸ் போடுகிற பிள்ளைகள் கடைசியில் வந்து நிற்கிற இடம் என் மாதிரி ஆட்களின் கல்லாவுக்கு முன்னால்தான். அந்த உரிமையில் சொல்கிறேன் சார், இப்போதைக்கு எங்கேயும் சேர்க்க வேண்டாம். எட்டே பக்கத்தில் ஒரு கதையை முடிக்கச் சொல்லுங்கள்.

எட்டுப் பக்கத்துக்கு ஒரு ஏ4 தாள் போதும். தாளை எட்டுக் கட்டமாக மடித்துப் பிரித்து, நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் ஒரு கீறல் போட்டு மறுபடி மடித்தால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கப் புத்தகம். பின் அடிக்க வேண்டாம், பசையும் வேண்டாம். பிரித்துப் பார்த்தால் ஒரு வரிசை நேராகவும் மற்றது தலைகீழாகவும் இருக்கும், அதனால் முதலில் வெற்றுத் தாளில் ஒன்று மடித்துப் பக்க எண் போட்டு வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வரைய வேண்டும். ஒரு பக்கம் 74க்கு 105 மில்லிமீட்டர். ஒருபக்க ஜெராக்ஸ் என் கடையில் 2 ரூபாய், 50 புத்தகம் 100 ரூபாய், அவ்வளவுதான் முதலீடு.

இதைச் சொன்னால் சில பேருக்கு முகம் சுருங்கிவிடும். அவர்களிடம் பன்னிரண்டு பாகக் கதை இருக்கும், ராஜ்ஜியங்களின் வரைபடம் இருக்கும், வில்லனின் தாத்தா பெயர் வரை நோட்டில் இருக்கும், வரைந்த பக்கம் மட்டும் ஒன்று கூட இருக்காது. நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தால் எந்தக் கட்டத்தில் என்ன காட்டுவது, எதை வாசகனே ஊகிக்கட்டும் என்று விடுவது, கதையை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் பிடிபடாது. எட்டுப் பக்கத்தை முடித்தவருக்குப் பதினாறு பக்கம் தானாக வரும்.

பதினாறு பக்கம் என்றால் நான்கு ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, நடுவில் மடித்து இரண்டு பின். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பக்க வரிசையில்தான். எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கிற தாளில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் அடுத்தடுத்து இருக்கும், அதன் முதுகில் 2ம் 15ம். எந்தத் தாளை எடுத்தாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு எண்ணையும் கூட்டினால் 17 வர வேண்டும், வரவில்லை என்றால் எங்கோ மாறிவிட்டது. கடைக்காரரிடம் "குறுகிய ஓரத்தில் திருப்பிப் போடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வந்து நிற்கும். சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரை எட்டாது. அதற்கு நீளக் கை ஸ்டேப்ளர் இருக்கிறது, இல்லாவிட்டால் ஸ்டேப்ளரை விரித்து, அடியில் தெர்மாகோல் வைத்துக் குத்தி, பின்னின் கால்களைக் காசால் மடக்கினால் போதும். இன்னொன்று, திடுக்கிட வைக்கிற காட்சி எப்போதும் இரட்டைப்படைப் பக்கத்தில் வரட்டும். ஒற்றைப்படைப் பக்கம் வலது பக்கம், கண்ணில் முன்கூட்டியே பட்டுவிடும், புரட்டினால்தான் இரட்டைப்படை தெரியும்.

சரி, எதில் வரைவது? டேப்லெட் இருந்தால் நல்லது, கிரிட்டா போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் முதல் புத்தகத்துக்குக் கருப்பு மை பேனாவும் ஏ4 தாளும் ஏராளம். ஏ4 அளவில் வரைந்து 71 சதவீதமாகக் குறைத்தால் ஏ5, அதாவது பாதித் தாள் அளவு ஆகிவிடும், கை நடுக்கமெல்லாம் பாதி மறைந்துவிடும். பென்சில் நிழலும் வாட்டர் கலர் கழுவலும் ஜெராக்ஸில் அழுக்கு மாதிரி விழும். பெரிய கருப்புப் பரப்பும் வேண்டாம், இயந்திரம் அதைத் திட்டுத்திட்டாகத்தான் அடிக்கும். அந்த இடத்தில் நெருக்கமாகக் கோடு இழுத்து இருட்டைக் காட்டினால் அழகாக வரும். நான்கு ஓரத்திலும் 5 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள், அதற்குள் எழுதியதை மெஷின் தின்றுவிடும். கணினியில் ஏற்றுவதாக இருந்தால் கோட்டுச் சித்திரத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

மலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு, கீழே இருந்து வருகிற யூடியூப் வீடியோ எதிலும் அதைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் மழை அதிகம், கொடைக்கானலிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் தாள் ஈரத்தை இழுத்து நமத்துப்போகும், மை ஊறிக் கோடு ஓரத்தில் முடி முளைத்த மாதிரி பரவும், ஜெராக்ஸ் போட்டால் தாள் சுருண்டு மெஷினுக்குள் மாட்டும், டோனர் என்கிற மைத்தூள் சரியாக ஒட்டாமல் விரலில் கருப்பாக வரும். நான் ஒரு கட்டுத் தாளைப் பிரித்தால் மீதியை உறையோடு மூடி மெஷின் பக்கத்திலேயே வைப்பேன், அந்தச் சூட்டில் காய்ந்திருக்கும். வரைகிறவர்கள் தாளை அடுப்படி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், மூடி போட்ட டப்பாவில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் போட்டும் வைக்கலாம். முக்கியமான பிரதியெடுப்பை வெயில் அடிக்கிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுத்துப் போடுவது பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நன்றாக வரையத் தெரிந்த பிள்ளைகளின் பக்கமும் கெட்டுப்போவது இங்கேதான். படத்தை முடித்துவிட்டு, மிச்சமிருக்கிற மூலையில் பலூன் போட்டு, அதற்குள் வசனத்தைத் திணிப்பார்கள். நம் சொற்கள் நீளம். "நிர்வாகத்தினரிடமிருந்து" என்று ஒரு பாத்திரம் சொன்னால் பாதிக் கட்டம் காலி. அதனால் வசனத்தை முதலில் எழுதுங்கள், பிறகு அதைச் சுற்றிப் பலூன், அப்புறம்தான் முகம். மேலே கொக்கியும் கீழே சுழியும் இருப்பதால் வரிக்கு வரி கொஞ்சம் தாராளமாக இடம் விட வேண்டும், நெருக்கினால் மேல் வரியின் 'மூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். சிறிதாக எழுதினால் 'ழு', 'று' எல்லாம் ஜெராக்ஸில் அடைத்துக்கொண்டு கருப்புப் பொட்டாகிவிடும். அச்சில் எழுத்தளவு 9 புள்ளி (பாயிண்ட்) வர வேண்டும் என்றால் மூலத்தில் 13 புள்ளிக்கு எழுதுங்கள். கையெழுத்து சுமார்தான் என்றால் கவிவனார், பலூ தம்பி என்று யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, விற்கிற புத்தகத்திலும் பயன்படுத்தலாம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவிட்டு வேறு கடைக்குக் கோப்பைக் கொண்டுபோனால் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும், பிடிஎப் ஆக்கி எடுத்துப் போங்கள்.

என்ன கதை போடுவது என்று நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்த காலம் தொட்டு நாம் படித்ததில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புதான், அதையெல்லாம் நானும் விழுந்து விழுந்து படித்தவன், குறை சொல்லவில்லை. இப்போதைய பிள்ளைகள் ஜப்பான் பள்ளிக்கூட மொட்டைமாடியை வரைகிறார்கள், அதுவும் இருக்கட்டும். ஆனால் என் கடையில் பிரதியெடுத்தவற்றில் எனக்கு மறக்காமல் நிற்பது தேயிலை எஸ்டேட் லயனிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) வந்த ஒரு தங்கச்சி போட்ட எட்டுப் பக்கம். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம், அதில் ஒன்று அவளுடையது. பாட்டி ராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாம் வழியாகக் கொண்டுவந்த தகரப் பெட்டிதான் கதை. அட்டையில் மூடிய பெட்டி. அப்புறம் பக்கத்துக்கு ஒரு பொருள்: குடும்ப கார்டு, ஒரு கண்ணாடி உடைந்த போட்டோ, கொழுந்துக் கூடையின் தலைக்கயிறு, இப்படி. பாட்டி பேசுகிற, இலங்கையின் அட்டன் பக்கத்துத் தமிழை அப்படியே பலூனில் எழுதியிருந்தாள், ஒரு எழுத்தைக் கூடத் திருத்தவில்லை. கடைசிப் பக்கத்தில் பூட்டை மட்டும் வரைந்து சாவி தொலைந்த கதையை ஒரே வரியில் முடித்திருந்தாள். கல்லாவில் வைத்திருந்தேன், ஆதார் நகல் எடுக்க வந்த அம்மாக்கள் நின்று படித்துவிட்டு "எங்க வீட்டுலயும் இந்தப் பொட்டி இருக்கு" என்று பத்து ரூபாய் வைத்துவிட்டு எடுத்துப் போனார்கள்.

வருமானம் பற்றியும் அந்த வாசகர் கேட்டிருந்தார். ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பதினாறு பக்கப் புத்தகம் எட்டு முகம் ஜெராக்ஸ், 16 ரூபாய், கனமான அட்டை போட்டால் இன்னும் கொஞ்சம், 40 ரூபாய்க்கு விற்றால் கடைக்காரர் கமிஷன் போக ஏதோ நிற்கும். எடுத்த எடுப்பில் சிவகாசிக்குப் போய் ஆஃப்செட்டில் ஆயிரம் பிரதி போடாதீர்கள். பிளேட் (அச்சுத் தகடு) செலவு நூறு பிரதிக்கும் அதேதான், ஆயிரத்துக்கும் அதேதான், அதனால் ஆயிரம் மலிவாகத் தெரியும், ஆனால் விற்காத எண்ணூறையும் இந்த ஈரத்தில் எங்கே வைப்பது? மே மாதம் பூக்காட்சி, காய்கறிக் காட்சிக் கூட்டத்திலும் மாவட்டப் புத்தகத் திருவிழாவிலும் நாலு பேர் சேர்ந்து ஒரு மேஜை பிடித்தால் போதும். பிளாஸ்டிக் உறை மட்டும் போடாதீர்கள், எங்கள் நீலகிரி மாவட்டத்தில் அதற்குத் தடை, காகித உறையே நன்றாக இருக்கிறது.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வேண்டுமென்றால் மத்திய அரசின் முகமையில் இணையம் வழியாக இலவசமாகவே வாங்கலாம், அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். காப்புரிமை வரைந்த கணமே வரைந்தவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்தால்தான் என்று கிடையாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் "புத்தகமாகப் போடுகிறோம்" என்று சொன்ன ஓர் இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்போது தன் பாத்திரத்தைத் தானே வரைய முடியாமல் இருக்கிறான். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆனால் "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் இந்தச் சலுகைகள் உதவாது. பெண்ணைப் பெற்றவர் அந்தத் தாளை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம், டேப்லெட் வாங்கித் தருவதை விட அது பெரிய உதவி.

கடைசியாக ஆசிரியருக்கு. ஞாயிற்றுக்கிழமை மலை மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் போட்டோ போடுகிறீர்கள், பரிசு கொடுத்தவர் முகம்தான் அதில் பெரிதாக இருக்கிறது. வாரம் ஒரு தடவை அந்த இடத்தில் நாலு கட்டம் காமிக்ஸ் போடக் கூடாதா? கருப்பு வெள்ளை போதும். போட்டால் சிறு தொகையானாலும் சன்மானம் கொடுங்கள், ஒரு தடவை வெளியிடும் அனுமதி மட்டும் வாங்குங்கள், உரிமை அவர்களிடமே இருக்கட்டும். அகலம் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று முன்கூட்டியே அச்சிட்டுவிட்டால் பிள்ளைகள் அதற்குத் தகுந்தபடி கட்டம் கிழித்துக்கொள்வார்கள், என்னிடம் வந்தால் ஸ்கேன் செய்து தருவதற்குக் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
கோத்தகிரி.