கடற்கரைப் பயணக் கட்டுரைகளில் பருவமும் ஓதமும் இடம்பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பமண்டலக் கடற்கரைகளுக்கு மூன்று, நான்கு நாள் பயணமாகச் செல்ல விரும்புவோருக்காக நாளிதழ்களின் சுற்றுலாப் பக்கங்களில் வெளியாகும் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். எங்கே தங்கலாம், எவற்றைப் பார்க்கலாம் என்று அவை விரிவாகச் சொல்கின்றன. ஆனால் அந்தக் கரைக்கு எந்த மாதத்தில் போகக் கூடாது, கடல் எந்த நேரத்தில் ஏறும், எந்த நேரத்தில் வற்றும் என்பதை அநேகமாக எவரும் எழுதுவதில்லை. நீண்ட விடுமுறையில் ஒரு நாள் வீணானால் மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம். மூன்று நாள் பயணத்தில் அதற்கு வழியில்லை.

வெப்பமண்டலம் என்றாலே ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வெயிலடிக்கும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. உண்மையில் ஒரே நாட்டின் இரண்டு கரைகளுக்கு இரண்டு வேறு மழைக்காலங்கள் உண்டு. இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் காலி, ஹிக்கடுவைப் பக்கத்துக் கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது, திருகோணமலைக் கரை வறண்ட வானிலையோடு அமைதியாக இருக்கும். ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். தாய்லாந்தில் அந்தமான் கடலை ஒட்டிய புக்கெட் தீவுக்கு மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்றால், தாய்லாந்து வளைகுடாப் பக்கம் உள்ள சாமுய் தீவில் நவம்பரில்தான் மழை கொட்டித் தீர்க்கும். ஆகவே விடுப்பு கிடைக்கும் தேதி முன்பே முடிவாகிவிட்டவர்கள், அந்தத் தேதிக்கு ஏற்ற கரை எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். புயல் காலத்தையும் இதோடு சேர்த்துக் கவனிப்பது அவசியம். வங்கக் கடலில் புயல்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மிகுதி. கரீபியன் தீவுகளுக்கு ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம்.

ஓதத்தைப் பற்றி, அதாவது கடல் நீர் குறித்த நேரங்களில் ஏறி வற்றுவதைப் பற்றி, நான் பட்டே தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு பாலித் தீவுக்குப் போயிருந்தோம். பயண முகவர் ஒருவர் வகுத்துக் கொடுத்த நிரலில், கடலோரப் பாறையின் மேல் நிற்கும் தானா லோட் கோயிலுக்கு ஒரு முற்பகல் ஒதுக்கப்பட்டிருந்தது. கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே அந்தப் பாறையின் அடிவாரம் வரை நடந்து செல்ல முடியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீர் ஏறி, அலைகள் பாறையைச் சூழ்ந்துவிட்டிருந்தன. அத்தனை தூரம் வந்த என் வயதான தாயார் கரையில் நின்றபடியே கைகூப்பிவிட்டுத் திரும்பினார். நீர் வற்றும் நேரத்தில் மீண்டும் வர எங்களுக்கு நாள் மிச்சமில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் ஓத நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுந்திருக்கும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு ஓத அட்டவணைகளாக வெளியிடுகிறார்கள் என்பதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நேரத்தைப் பார்த்துவிடலாம். யாராவது அன்று அதைப் பார்த்திருந்தால் போதும்.

ஏமாற்றத்தைவிடப் பெரிய கவலை உயிர் பற்றியது. கரையில் வந்து உடையும் அலைகளின் நீர் திரும்பிப் போகும்போது, சில இடங்களில் குறுகலான ஓட்டமாகச் சேர்ந்து, குளிப்பவர்களைக் கடலுக்குள் இழுத்துச் சென்றுவிடுகிறது. அந்த இடத்தில் அலை அதிகம் உடையாததால், கடலை அறியாதவர்கள் கண்ணுக்கு அதுவே இறங்குவதற்குப் பாதுகாப்பான இடமாகத் தோன்றும். இழுக்கப்பட்டவர் கரையை நோக்கி நேராக நீந்த முயன்றால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும், முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். உயிர்காப்பாளர்கள் உள்ள கரைகளில் சிவப்பும் மஞ்சளும் கொண்ட இரண்டு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியே குளிப்பதற்கு உரியது. எந்தக் கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள் என்பது, எந்த விடுதியில் நல்ல அறை கிடைக்கும் என்பதைவிட முக்கியமான செய்தி என்றே நான் கருதுகிறேன்.

குறுகிய பயணத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ஸ்கூபா கருவியோடு கடலில் மூழ்கியவர்கள் உடனே விமானம் ஏறக் கூடாது. ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. இரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழிகளாக மாறக்கூடும் என்பதே காரணம். எனவே மூழ்குவதை முதல் நாட்களில் முடித்துவிட்டு, கரையோரக் காட்சிகளைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வதே முறை.

பார்க்கப் போகும் இடம் திறந்திருக்கிறதா என்பதும் உறுதியில்லை. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவு 2018-இல் ஆறு மாதம் மூடப்பட்டது. அதே ஆண்டு மூடப்பட்ட தாய்லாந்தின் மாயா விரிகுடா, பவளப்பாறைகள் மீள்வதற்காக 2022 ஜனவரி வரை திறக்கப்படவில்லை. இத்தகைய தடைகளை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அவை வாசகர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

எனவே தங்கள் நாளிதழில் கடற்கரைப் பயணக் கட்டுரை வெளியாகும்போதெல்லாம், அந்தக் கரைக்கு உகந்த மாதங்கள், தவிர்க்க வேண்டிய மாதங்கள், ஓத நேரத்தைப் பார்த்துச் செல்ல வேண்டிய இடங்கள், உயிர்காப்பாளர்கள் உள்ள குளியல் பகுதிகள், நடப்பில் உள்ள தடைகள் ஆகியவற்றை ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்கு அங்குல இடம் இதற்குப் போதும். அடுத்த விடுமுறைக் காலத்துக்கு முன்பாகவே இதைத் தொடங்கினால், இப்போது பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்